‘வாசித்தவர்கள்’ என்ற கட்டம்

ஒருவருடைய இளமைக்காலம் முழுவதையும் நிறைத்திருந்த ஓர் ஒலியைத் தம் விரல்களால் எழுப்பியவர் யார் என்பதை அவர் கடைசிவரை அறியாமலே இருந்துவிட முடியும். அந்த அறியாமையால் அவருடைய இன்பத்தில் எதுவும் குறைந்துவிடுவதில்லை. குறைவு எதுவும் தெரியாததால் பெரும்பாலும் இது ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. ஆயினும் கேட்ட இசையை நினைவுகூர்ந்து பேசுவதையே வாழ்வின் பெரிய மகிழ்ச்சியாகக் கொண்டவர்களிடம், அதிலும் வாசிப்பவரின் பெயரைப் பாட்டின் பெயருக்கு நிகராக மதிக்கும் இசைப் பிரிவுகளில் தோய்ந்தவர்களிடம், இக்கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் எளிதில் அடங்குவதில்லை.

அத்தகைய பிரிவுகளில் ஒன்று, 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான புரோகிரசிவ் ராக். மூன்று நிமிடப் பாட்டு என்ற வரம்பைக் கடந்து, மேனாட்டுச் செவ்வியல் இசையின் நீண்ட அமைப்புகளையும், பாட்டின் நடுவிலேயே மாறும் தாளங்களையும், ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒலிநாடாத் துண்டொன்று ஓடும் மெல்லோட்ரான் போன்ற கருவிகளையும் ராக் இசைக்குள் கொண்டுவந்த போக்கு அது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969இல் வந்தது. ஜெத்ரோ டல் குழு 1972இல் ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாட்டால் நிரப்பியது. அதே ஆண்டு வந்த யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் தலைப்புப் பாடல் மட்டும் ஏறத்தாழ 18 நிமிடம் ஓடுகிறது. மற்றொரு பிரிவு, ஜாஸ் இசையின் கற்பனை வாசிப்போடு ராக் இசையின் மின்கருவிகளையும் தாள வேகத்தையும் சேர்த்த ஜாஸ் ஃப்யூஷன். மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ (1970) அதற்கு வழி திறந்த ஆல்பங்களில் ஒன்று. அதில் கிதார் வாசித்த ஜான் மெக்லாலின் அடுத்த ஆண்டே மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்தார்.

இவ்விரு பிரிவுகளையும் சென்னையில் விரும்பிக் கேட்டவர்கள் எண்ணிக்கையில் எப்போதும் சிலரே. ஆனால் அவர்களுடைய விருப்பம் மேலோட்டமானதன்று. மேனாட்டுச் செவிக்கு அரியதாகத் தோன்றிய ஐந்து, ஏழு, ஒன்பது எண்ணிக்கைத் தாளங்கள், கண்ட சாபும் மிச்ர சாபும் வீட்டுத் திண்ணையிலேயே ஒலித்துவந்த ஊரில் அந்நியமாகத் தோன்றவில்லை. 1958இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் நால்வர் குழு மதராசுக்கு வந்தபோது மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தது என்பதும், அடுத்த ஆண்டு அந்தக் குழு வெளியிட்ட ஆல்பம் வழக்கத்துக்கு மாறான தாளங்களுக்காகவே உலகப் புகழ் பெற்றது என்பதும் இங்குள்ள ரசிகர்கள் பெருமிதத்தோடு அடுத்தடுத்துச் சொல்லும் செய்திகள். முதல் செய்திதான் இரண்டாவதற்குக் காரணம் என்று நிறுவ முடியாது. ஆனால் அப்படி நம்ப விரும்பும் மனத்தைக் குறைசொல்லவும் தோன்றுவதில்லை.

கேள்வியை எழுப்பிய நிகழ்ச்சி மிகச் சிறியது. கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இத்தகைய ரசிகர்கள் சிலர் கூடி இசைத்தட்டுகளைக் கேட்பதும், கேட்டவற்றை ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைப்பதும் வழக்கம். பாடல், ஆண்டு, வாசித்தவர்கள் என்று கட்டங்களுக்குத் தலைப்பு. அன்று ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஒலித்து முடிந்ததும் ஜான் ஆண்டர்சன், ஸ்டீவ் ஹவ், கிறிஸ் ஸ்குவயர், ரிக் வேக்மன், பில் புரூஃபோர்டு என்று ஐந்து பெயர்களும் உறையைப் பார்க்காமலே சொல்லப்பட்டு, கட்டத்தில் இடம் போதாமல் பக்க ஓரத்தில் ஏறின. அடுத்ததாக ஒருவர் ‘மூடுபனி’ (1980) படத்தில் கே.ஜே. யேசுதாஸ் பாடிய கிதார் பாட்டை ஒலிக்கவிட்டார். பாலு மகேந்திரா இயக்கிய அந்தப் படம் இளையராஜா இசையமைத்த நூறாவது படம். அந்தப் பாட்டில் குரலுக்கு அடியில் பேஸ் கிதார், அதாவது தடித்த நான்கு தந்திகளில் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் கிதார், குரலைப் பின்தொடராமல் தனக்கென ஒரு வழியில் நடந்துகொண்டே இருக்கிறது. அங்கிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, “அங்கிள், இதுல பேஸ் யாரு வாசிச்சது?” என்று கேட்டாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “அதெல்லாம் ராஜா சார் எழுதுனதும்மா” என்றார். நோட்டு எழுதுபவர் ‘வாசித்தவர்கள்’ என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

நடந்தது இவ்வளவே. ஆனால் அந்தக் கோட்டின் பொருள் என்ன என்பது எளிதில் தீரும் விஷயமாக இல்லை. யாரும் இல்லை என்பது அதன் பொருளாக இருக்க முடியாது. ஏதோ ஒரு காலையில், ஏதோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு மனிதர் அமர்ந்து அந்தச் சுரங்களை வாசித்திருக்கிறார். தெரியவில்லை என்பது பொருளானால், தெரிந்துகொள்ளாமல் இத்தனை ஆண்டுகள் எப்படிக் கடந்தன என்ற வினா உடனே பின்தொடர்கிறது. தெரிய வேண்டியதில்லை என்பது பொருளானால், அதற்கு முந்தைய வரியில் பக்க ஓரம் வரை வழிந்த ஐந்து பெயர்கள் ஏன் தெரிய வேண்டியிருந்தன என்பதற்கு விடை வேண்டும்.

“ராஜா சார் எழுதியது” என்ற விடையில் உண்மை இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று ஒதுக்குவது முறையாகாது. மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தங்கி மாணவர்களுக்கு மேனாட்டு இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை இசைக்குறிப்பாகத் தாமே எழுதிக் கொடுப்பவர். பேஸ் கிதாரின் நடையும் அவர் எழுதியதே. வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) ஆல்பத்தில் ஜேகோ பாஸ்டோரியஸ், வீணையில் மெட்டு என்று சொல்லப்படும் கட்டுகள் நீக்கப்பட்ட பேஸ் கிதாரில் வாசித்தது அவருடைய சொந்தக் கற்பனையும் சேர்ந்தது. அங்கே வாசித்தவர் இயற்றியவரும் ஆகிறார். இங்கே இயற்றியவர் ஒருவர், வாசித்தவர் வேறொருவர். ஆகவே இருவருக்கும் உரிய புகழ் ஒரே வகையானதாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம்.

அந்த வாதம் பாதி வழி வரைதான் வருகிறது. தாளில் எழுதப்பட்ட சுரம் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தப்பட வேண்டும், அடுத்த சுரத்துக்கு விரல் தாவிச் செல்ல வேண்டுமா இழைந்து செல்ல வேண்டுமா, தாளத்தின் அடியில் சரியாக விழ வேண்டுமா ஒரு மயிரிழை தாமதித்து விழ வேண்டுமா என்பவை முழுவதும் தாளில் அடங்குவதில்லை. கேட்பவரின் நெஞ்சில் நிற்பது சுரவரிசை மட்டும் என்றால், அதே சுரங்களை இன்று ஒரு கணினி வாசித்தாலும் அதே நிறைவு உண்டாக வேண்டும். உண்டாவதில்லை என்பதை அந்த மாடியில் இருந்த எவரும் ஒப்புக்கொள்வார். மேலும், அக்காலத்தில் பொதுவாகப் பாடகரும் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசிக்க, ஒரே மூச்சில் பதிவு நடந்தது. ஒருவர் பிசகினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு ‘டேக்’கில் பிசகாமல் நின்றவரின் நிதானம் எந்தக் குறிப்பிலும் எழுதப்பட்டதன்று. அது அவருடையது.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. மேனாட்டார் வாசிப்பவரை மதித்தார்கள், தமிழர்கள் மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்ததுபோல் தோன்றும். அது உண்மையும் ஆகாது. யெஸ் குழுவின் ஐவரும் பெயர் பெற்றதற்கு முதல் காரணம், அவர்கள் ஒரு குழுவாகவே மக்கள்முன் வந்தவர்கள் என்பதே. கூலிக்கு வாசிக்கும் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் நிலை அங்கும் வேறாக இருக்கவில்லை. அமெரிக்காவில் மோடவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971இல் மார்வின் கே வெளியிட்ட ஆல்பத்தின் உறையில் அச்சாகும்வரை பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. அவர் 1983இல் இறந்தார். அவரும் அவருடைய தோழர்களும் அடங்கிய குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002இல்தான் வந்தது. புரோகிரசிவ் ராக் வரலாற்றிலேயே, பிங்க் ஃபிலாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஆல்பத்தில் சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் ஒரு முழுப் பாடலை நிறைத்த கிளேர் டோரி என்ற பாடகிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. உறையில் பாடகியாக அவர் பெயர் இருந்தது. ஆனால் தாம் பாடியது அந்தக் கணத்தில் தாமே இயற்றியது என்று அவர் வழக்குத் தொடுத்து, 2005இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே பாடலை இயற்றியவர்களுள் ஒருவராக அவர் பெயர் சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் கேட்டு உருகிய குரல் அது.

ஆகவே கோட்டின் பொருள் நாட்டைப் பொறுத்ததாக இல்லை. பிறகு எதைப் பொறுத்தது என்று தேடும்போது நினைவு வேறு திசையில், கோடம்பாக்கத்தின் பழைய காலைப் பொழுதுகளை நோக்கிப் போகிறது.

கோடம்பாக்கம் என்பது ஒரு பேட்டையின் பெயராக மட்டும் நின்றுவிடாமல் வடபழனி, சாலிகிராமம் வரை பரவிய திரைத்தொழில் உலகம் முழுவதற்குமான பெயராகிவிட்டது. 1980களில் ரங்கராஜபுரத்திலோ டிரஸ்ட்புரத்திலோ வளர்ந்த பிள்ளைகள், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வயலின் பெட்டியைச் செருகிக்கொண்டு ஆற்காடு சாலையில் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தார்கள். அவர்கள் ஏவி.எம்முக்கோ பிரசாத்துக்கோ ‘கால்ஷீட்’டுக்குப் போகிறவர்கள். கால்ஷீட் என்பது குறித்த மணிநேரங்களுக்கான ஒரு வேலைப் பொழுது, கூலியும் அதைக் கொண்டே கணக்கிடப்படும். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, லுங்கி கட்டிக்கொண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் வயலின் மாமா, கிதார் அங்கிள். இன்னும் சிலர் வெறும் ‘மாடி வீட்டு மாமா’. ஒரு பிள்ளை அந்த மாமாவின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டு மயங்கியிருக்கலாம். அந்தப் பாட்டில் வாசித்தவர் அதே கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. அவருக்கே எந்தப் பாட்டு என்று நினைவு இருந்திருக்குமா என்பதும் ஐயம். காலையில் வாசித்த குறிப்பு எந்தப் படத்துக்கு, எந்தக் காட்சிக்கு என்று வாசித்தவருக்குத் தெரிய வேண்டிய தேவை அந்தத் தொழிலில் எப்போதும் இருந்ததில்லை.

அதே பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் வேறோர் உலகம் திறந்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த மார்டி கிரா விழாவில் கேட்ட ராக் குழுக்கள், கப்பலில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்த இசைத்தட்டுகள், பர்மா பஜாரில் கிடைத்த வெளிநாட்டுக் கேசட்டுகள் ஆகியவற்றின் வழியே யெஸ்ஸும் ஜெனிசிஸும் வெதர் ரிப்போர்ட்டும் வந்து சேர்ந்தன. அவற்றின் உறைகளில் யார் எந்தக் கருவி, எந்த இடத்தில் பதிவு, எந்தப் பொறியாளர் என்பதெல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன; அந்தப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிப்பது இசை கேட்பதன் ஒரு பகுதியாகவே இருந்தது. தெருமுனை ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துத் தமிழ்ப் பாடல்களைப் பதிந்து வாங்கும்போது, அட்டையில் கடைக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்தது படத்தின் பெயரும் பாட்டின் முதற்சொற்களும்தான். கம்பெனி வெளியிட்ட கேசட்டானாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்பதோடு பட்டியல் நின்றுவிடும். மனம் எதைப் படிக்கக் கொடுக்கிறோமோ அதையே மனப்பாடம் செய்கிறது. கிறிஸ் ஸ்குவயரை அறிந்தவர் மாடி வீட்டு மாமாவை அறியாமல் போனதற்கு இந்தப் பொடி எழுத்து ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அது மட்டுமே காரணமா என்பதில்தான் தயக்கம்.

தயக்கத்துக்குக் காரணம், பக்கத்தில் வாசிப்பவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் இந்த ஊருக்குப் புதியதன்று என்பது. மயிலாப்பூர், தியாகராயநகர் சபாக்களின் கச்சேரி அறிவிப்பில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், மோர்சிங் என்று ஒவ்வொரு பக்கவாத்தியத்துக்கும் பெயர் இருக்கும். வானொலிக் கச்சேரியிலும் பக்கம் வாசித்தவர்களின் பெயர் அறிவிக்கப்படும். தனி ஆவர்த்தனம் என்ற இடமே தாளக் கலைஞருக்காக ஒதுக்கப்பட்டது. அந்த மரபிலிருந்து போனவர்கள் ஃப்யூஷன் உலகில் பெயரோடுதான் நின்றார்கள். மெக்லாலின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்று, பின்னர் அமைத்த சக்தி குழுவின் முதல் ஆல்பத்தில் (1976) எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும், ராம்நாடு வி. ராகவனின் மிருதங்கமும், விக்கு விநாயகராமின் கடமும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டன. ஒரு மண்பானையைத் தட்டி எழும் ஒலிக்கு உலக மேடைகளில் தனிப் பெயரும் முகமும் கிடைத்தன. இதில் நெஞ்சைத் தொடும் இன்னொரு செய்தி உண்டு: எல். சங்கரின் அண்ணன் எல். வைத்தியநாதன் இதே கோடம்பாக்கத்தில் ‘ஏழாவது மனிதன்’ (1982) போன்ற படங்களுக்கு இசையமைத்தவர். ஒரே தந்தையிடம் வயலின் பயின்ற சகோதரர்களில் ஒருவர் ஃப்யூஷன் குழுவில் வாசித்த பதிவுகளுக்கு வாசித்தவர் பட்டியல் இருக்கிறது. மற்றவருடைய திரைப்பாடல்களில் வாசித்த குழுவுக்குக் கேசட்டில் பட்டியல் இல்லை. மரபும் ஒன்று, ஊரும் ஒன்று. தொழில் மாறியதும் வழக்கம் மாறிவிட்டது.

இதை எண்ணும்போது, எப்போதோ பாடத்துக்காகப் படித்துப் பாதி மறந்துபோன சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை முன்னால் வந்து நிற்கிறது. மாதவியின் முதல் ஆடலுக்கு முன், அந்த ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியர்களை இளங்கோ ஒருவர் பின் ஒருவராக அறிமுகம் செய்கிறார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலோன், யாழாசிரியன். ஒவ்வொருவரும் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும், எந்த நுட்பத்தை எப்படிக் கையாள வேண்டும், மற்ற கருவிகள் ஒலிக்கும்போது தன் கருவியை எங்கே அடக்கி எங்கே உயர்த்த வேண்டும் என்றெல்லாம் அத்தனை விரிவாகச் சொல்லப்படுகிறது. தண்ணுமை ஆசிரியனின் கைத்திறனைச் சொல்லும் பகுதியை ஒரு தாளக் கலைஞர் படித்தால், எழுதியவர் அருகில் அமர்ந்து அந்த விரல்களையே பார்த்திருக்கிறார் என்று உணர்வார். ஆனால் அறுவரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. அரங்கேற்றம் முடிந்ததும் அரசன் தலைக்கோல் பட்டத்தையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னையும் மாதவிக்கு அளிக்கிறான். காப்பியம் அவளோடு நகர்ந்துவிடுகிறது.

இங்கே நோட்டிலிருந்த கோடு வேறு வகையில் தோன்றத் தொடங்குகிறது. இளங்கோ பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகச் சொன்னார். பெயர் தெரியாமல் திறனை நுணுகி அறிந்திருப்பது ஒரு நிலை. திறனைக் கேட்கவே செய்யாமல் பெயரை மட்டும் ஒப்பிப்பது இன்னொரு நிலை. அந்த மாடியில் இருந்தவர்களுள் பலர் ‘மூடுபனி’ப் பாட்டின் பேஸ் நடையை வாயாலேயே முழுவதும் பாடிக்காட்டக் கூடியவர்கள். ஐந்து பெயர்களைச் சொன்னவர்கள் அந்த ஐவரின் வாசிப்பையும் அதே அளவு தனித்தனியாகக் கேட்டிருந்தார்களா என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே விடை கிடைக்காது. அப்படியானால் கோடு போடப்பட்ட பாட்டுத்தான் அவர்களுக்கு நெருக்கமானது என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது. தாயின் கையால் உண்டவர் தாயின் பெயரை உச்சரிப்பதே இல்லை என்பதைப் போல, மிக நெருங்கியதற்குப் பெயர் தேவைப்படாமல் போவதும் உண்டு.

இந்தச் சமாதானம் இதமானதாக இருப்பதே அதன்மேல் ஐயத்தை உண்டாக்குகிறது. நெருக்கம் என்று சொல்லப்படுவது கேட்பவருடைய நெருக்கம். வாசித்தவருக்கு அதில் என்ன கிடைத்தது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதற்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. கோயிலில் ஆடும் பணிக்காக இராசராசன் அங்கே குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆடலாசிரியர்கள், பாடுவோர், கருவி வாசிப்போர் ஆகியோருக்கான ஏற்பாடுகளும் தொடர்கின்றன. காப்பியம் சொல்லாத பெயர்களைக் கல்வெட்டு சொன்னதற்குக் காரணம் கலைமேல் கொண்ட காதல் அன்று, கணக்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் தவறாமல் அளக்கப்பட வேண்டுமானால், அளந்து பெறுபவர் யார் என்று எழுதியாக வேண்டும். ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெண்களின் பெயரைப் படிக்க முடிவது அந்த நெற்கணக்கினால்தான்.

கோடம்பாக்கத்திலும் கணக்கு இல்லாமல் இல்லை. திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைவதில் முன்நின்றவர்களுள் ஒருவர், தாமே இசையமைப்பாளரான எம்.பி. சீனிவாசன். கூலி, வேலைநேரம் ஆகியவற்றில் ஒழுங்கு வேண்டும் என்று அவர் பாடுபட்டார். கால்ஷீட் முடிந்ததும் பணம் பெற்றவர் பெயர் ஏதோ ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும். ரசிகர்கள் கேட்க மறந்த பெயரை அந்தச் சங்கமும் சம்பளத் தாளும் அறிந்திருந்தன. ஆனால் தாள் கல் அன்று. பாட்டு காற்றில் நிலைத்துவிட்டது. பாட்டுக்குப் பணம் கொடுத்த கணக்கு பழைய பேப்பரோடு போயிருக்கும்.

பெயர்கள் முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து அக்கார்டியன் என்றதும் மங்களமூர்த்தியின் பெயரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிதார் வாசித்தவர் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கிதார் சந்திரசேகர், விசைக்கருவிகள் விஜி மேனுவல் என்பவை குழுவை அறிந்தவர்கள் மதிப்போடு சொல்லும் பெயர்கள். ‘ஹௌ டு நேம் இட்’ (1986) என்று இளையராஜா தியாகராஜருக்கும் மேனாட்டு இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலினை அறியாத ரசிகர் அரிது. 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் ஆல்ப உறைகளில் வாத்தியக் கலைஞர், ஒலிப்பதிவுப் பொறியாளர் பெயர்கள் அச்சாகத் தொடங்கியது பெரிய மாற்றம். சிவமணி, கீத் பீட்டர்ஸ் என்ற பெயர்களைப் பொதுமக்களும் அறிந்தார்கள். இந்த மாற்றத்தை ஒரு சிறு நியாயம் என்று கருதுவதில் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குழுவில் வழக்கமாக வாசித்தவர் யார் என்று அறிவதும், ஒரு குறிப்பிட்ட பாட்டுக்கு ஒரு குறிப்பிட்ட காலையில் அமர்ந்தவர் யார் என்று அறிவதும் வேறு வேறு. நோட்டு எழுதியவருக்குச் சசிதரன் என்ற பெயர் தெரிந்திருக்கலாம்; அதை எழுதிவிட்டு நிம்மதியடைந்திருக்கலாம். ஒருவேளை வாசித்தவர் வேறொருவராக இருந்தால், இத்தனை ஆண்டு பெயரில்லாமல் இருந்தவருக்கு இப்போது பிறர் பெயரால் இன்னொரு அநீதி நேரும் என்று எண்ணி அவர் கோடு போட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அந்தக் கோடு அலட்சியம் ஆகாது. அது ஒரு வகை மரியாதை. அவரிடம் கேட்டுத் தெளிந்திருக்க முடியும். கேட்கப்படவில்லை. அவர் எண்ணாமலே போட்ட கோடு என்று அவர் சொல்லிவிட்டால், இந்தச் சிந்தனை முழுவதும் நிற்க இடமின்றிப் போகும் என்ற அச்சமும் கேளாமைக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தனை தூரம் வந்த பிறகும் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. இன்பம் தந்தவரின் பெயரை அறிவது கடன் என்றால், அந்தக் கடன் யாருக்குச் செலுத்தப்படுகிறது என்பது தெளிவாகவில்லை. முதுமையிலோ மறைந்த பிறகோ தம் பெயர் ஒரு நோட்டில் ஏறுவதால் மாடி வீட்டு மாமாவுக்குக் கிடைப்பது என்ன? தம் வாசிப்பைத் தமக்குரியதாகவே அவர் கருதினாரா, அன்றைய வேலையாக மட்டும் கருதினாரா? வேலையாக மட்டும் கருதியவரைக் கலைஞர் என்று கொண்டாடுவது அவருக்குச் செய்யும் நன்றியா, கேட்பவர் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழியா? அறிய முயல வேண்டும் என்பதுவரை உறுதியாகச் சொல்ல முடிகிறது. உயிரோடு இருப்பவர்களிடம் இன்றே போய்க் கேட்டு எழுதிவைப்பது நல்லது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் எல்லாப் பெயர்களும் கிடைத்து எல்லாக் கட்டங்களும் நிறைந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்பவர் கூடுதலாக எதைக் கேட்பார் என்பதும், பெயரற்று இருந்தபோது அதில் கேட்ட ஏதோ ஒன்றை அப்போது இழந்துவிடுவாரோ என்பதும் இந்தக் கட்டுரைக்கு விளங்கவில்லை.